பாப்பா ரிட்டயர் ஆகுற வருஷத்த கணக்கு போட்டு பாருங்க அக்கா

அக்கா, நேத்து நைட்டு நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் முழுசா கேட்டேன். பாப்பா கிளைமேட் பாலிசி படிக்கணும்ங்குறா, அண்ணன் "அது என்னா வேலை, எவன் சம்பளம் குடுப்பான்"னு கேக்குறாரு, அதானே. அவரு நெய்வேலில வேலை பாக்குறவரு, அதனால நெய்வேலிய வெச்சே சொல்றேன்.

அங்க முதல் அனல்மின் நிலையம் 1962ல ஓட ஆரம்பிச்சு 2020லதான் நின்னுச்சு, 58 வருஷம். அதுக்கு பதிலா வந்த புது 1000 மெகாவாட் ஸ்டேஷன் ஒரு நாப்பது வருஷம் ஓடுனாலே 2060 தாண்டிடும். நெட் ஜீரோ, அதாவது வெளிய விடுற கார்பன் அளவுக்கு திரும்ப உறிஞ்சி கணக்க நேர் பண்றது, அது ஆயிடுவோம்னு நம்ம நாடு 2021 கிளாஸ்கோ மாநாட்டுல சொன்னது 2070க்கு. அப்ப எந்த யூனிட்ட எப்ப நிறுத்துறது, நிறுத்துனா கரண்ட் எங்கேந்து வரும், மைன்ல கான்ட்ராக்ட்ல இருக்குறவங்க பொழப்பு என்னாவும், நிலம் குடுத்தவங்களுக்கு என்ன பதில், இதெல்லாம் இருவது முப்பது வருஷம் முன்னாடியே உக்காந்து கணக்கு போட்டாகணும், பாப்பா கேக்குற வேலை அதுதான். அவ 2008ல பொறந்தவ, அறுவதுல ரிட்டயர் ஆனா 2068, அந்த 2070க்கு ரெண்டு வருஷம் முன்னாடி, அவ சர்வீஸ் முழுக்க இந்த கணக்கு ஓடிட்டேதான் இருக்கும்.

போன சனிக்கிழம வந்தப்ப உங்க வீட்டு ஈபி பில்ல குடுத்து, ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட், யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு வெச்சு போடும்மான்னேன். 280 கிலோன்னு எழுதிட்டு, "சார், 0.7ங்கறது இந்தியா மொத்தத்துக்கும் ஆவரேஜ்தான, நம்மூரு லிக்னைட்டுக்கு இன்னும் ஜாஸ்தி வருமே"ன்னு கேட்டா பாருங்க. ஜாஸ்திதான், லிக்னைட்டுங்குறது பாதிக்கு பாதி ஈரம் உள்ள பழுப்பு நிலக்கரி. இந்த கேள்வி சொல்லிக் குடுத்து வர்றதில்ல அக்கா.

ஆனா ஒண்ணு, +2 முடிச்ச கையோட "சஸ்டெயினபிலிட்டி"ன்னு பேர் போட்ட டிகிரில மட்டும் சேத்துடாதீங்க. முன்ன ஒரு பையன நானே அப்படி ஒரு காலேஜுக்கு அனுப்பி வெச்சேன், மூணு வருஷமும் போஸ்டர் ஒட்டுனான், மரக்கன்னு நட்டான், கடைசில எக்ஸெல்ல ஒரு டேபிள் போட வரல, இன்னும் எனக்கு உறுத்துது. டிகிரிக்கு எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இல்லன்னா எலக்ட்ரிக்கல் மாதிரி கணக்கு உள்ளதா எடுக்கட்டும், பாலிசி பிஜில பாத்துக்கலாம். பாண்டி சென்ட்ரல் யூனிவர்சிட்டில எகாலஜியும் இருக்கு, கிரீன் எனர்ஜியும் இருக்கு, காலாப்பட்டு ஒண்ணும் தூரமில்ல.

சம்பளம் யாரு குடுப்பாங்கறதுக்கு, ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்குற செபி 2022-23லேந்து மார்க்கெட்டுல இருக்குற டாப் 1000 கம்பெனிங்க வருஷா வருஷம் சுற்றுச்சூழல் கணக்கு காட்டியே ஆகணும்னு வெச்சிருக்கு, ஐரோப்பாவுக்கு ஸ்டீல், அலுமினியம் அனுப்புறவங்களுக்கும் இப்ப கார்பன் கணக்கு கேக்குறாங்க, அதெல்லாம் எழுத ஆள் வேணும்ல. கவர்மென்ட் பக்கமும் கிளைமேட் மிஷன் வேலை இருக்கு, என்ன, பாதி ப்ராஜெக்ட் கான்ட்ராக்ட்டு, ஆரம்பத்துல ஐடி பசங்க சம்பளத்தோட ஒப்பிட்டா கஷ்டமாதான் இருக்கும், அத மறைச்சு சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு வீக்லி ஆஃப் என்னைக்குன்னு பாத்து மூணு பேருமா வாங்க, அரையாண்டு மார்க் ஷீட்டயும் எடுத்துட்டு வாங்க. கணக்குல 62 மார்க்குன்னு பாப்பா சொன்னாளே, மொதல்ல அதப் பத்தி பேசுவோம்.