சுற்றி வரும் கோப்பையும் மூடி திறக்காத சட்டியும்

தம்பி, ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றும், உடன் வேலை செய்பவர்கள் வரும் வெள்ளிக்கிழமை திராட்சைத் தோட்டப் பக்கத்துக் கிராமத்து விடுதிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், சைவமாகவும் குடிக்காதவராகவும் இருக்கும் நீங்கள் அங்கே போய் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போய் வாருங்கள். நான் 19 ஆண்டுகளாக இந்த ஃபால்ட்ஸ் பகுதியில் இருக்கிறேன். அலுவலகத்தில் தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட மனிதர்கள் என்னிடம் வாய்விட்டுப் பேசியது அப்படிப்பட்ட ஒரு மேசையில்தான்.

இவ்வூர்க்காரர்களின் பெருமைக்குரிய பண்டம் சௌமாகன். பன்றியின் இரைப்பைக்குள் உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, ஜாதிக்காய், மார்ஜோரம் என்னும் வாசனை இலை எல்லாவற்றையும் திணித்து வேகவைத்து, விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, இருபுறமும் சிவக்க வறுத்துத் தருவார்கள். லுட்விக்ஸ்ஹாஃபன்காரரான ஹெல்முட் கோல் நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தபோது, 1989இல் மார்கரெட் தாட்சரையே டைடஸ்ஹைமுக்கு அழைத்து வந்து இதை உண்ண வைத்தார். உங்களுக்கு இது ஆகாது. ஆனால் யாராவது இந்தக் கதையைத் தொடங்கினால் முடிவு வரை கேளுங்கள், நிச்சயம் தொடங்குவார்கள்.

நீங்கள் ஏமாறக்கூடிய இடம் வேறு. தட்டில் இறைச்சி கண்ணில் படவில்லை என்பதற்காக அது சைவம் ஆகிவிடாது. சௌவர்கிரௌட் என்னும் புளித்த முட்டைக்கோஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். வறுத்த உருளைக்கிழங்கில் பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி கிடக்கும். வெங்காய அடையிலும் அப்படியே. ஆகையால் 'ஓனெ ஷ்பெக், ஓனெ ஃப்லைஷ்', அதாவது பன்றிக் கொழுப்பும் இறைச்சியும் இல்லாமல், என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்குடன் வரும் 'வெள்ளைச் சீஸ்', அதாவது வெங்காயத்தாள் போன்ற மெல்லிய தாளை நறுக்கிப் போட்ட கெட்டித் தயிர், நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

இருந்தால் தாம்ஃப்னூடல் கேளுங்கள். பெயரைப் பார்த்து நூடுல்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவிட்ட மைதா உருண்டைகளைக் கொழுப்பும் உப்புநீரும் விட்ட கனமான சட்டியில் அடுக்கி, மூடியை இறுக மூடி, நீர் வற்றும் வரை வைப்பார்கள். இட்லிப் பானையை இடையில் திறந்தால் அம்மா கோபிப்பார் அல்லவா, இங்கும் அதே கண்டிப்புதான். திறந்தால் உருண்டை அமுங்கிப் போகும். நீர் சுண்டியதும் அடியில் பொன்னிறத்தில் ஓர் உப்புப் பொருக்குக் கட்டும், மேலே பஞ்சு போல இருக்கும். அந்தப் பொருக்குக்காகவே நான் போவதுண்டு. வைன் சாறு ஊற்றித் தருவார்கள். நீங்கள் வனிலா சாறு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டியில் விடும் கொழுப்பு வெண்ணெயா வேறெதுவுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

இனி வைன். பக்கமெல்லாம் குழி குழியாக இருக்கும் அரை லிட்டர் கண்ணாடிக் கோப்பையை இங்கே டுப்பக்ளாஸ் என்பார்கள். கசாப்புக்காரரின் எண்ணெய்க் கை வழுக்காமல் இருக்கவே அந்தக் குழிகள் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் ரீஸ்லிங் வைனைக் கொஞ்சம் சோடா கலந்து நிரப்பி, ஒரே கோப்பையை மேசை முழுக்கச் சுற்றி அனுப்புவது இவ்வூர் வழக்கம். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு முதல் முறை அது கைக்கு வந்தபோது கை கூசியது. உதடு படாமல் அண்ணாந்து குடித்துவிடலாம் என்று தூக்கினேன். நுரைத்த சோடா மூக்கிலும் சட்டையிலும் இறங்கியது. மேசையே சிரித்தது, நானும் சிரித்தேன், அடுத்த சுற்றில் எல்லோரையும் போலக் குடித்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. திராட்சைச் சாறும் சோடாவும் கலந்த ட்ரௌபன்சாஃப்ட் ஷோர்லெ ஒன்றை உங்களுக்கென்று வாங்கி வைத்துக்கொண்டு, 'சும் வோல்' என்று சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினால் போதும். குடிக்காததற்குக் காரணம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். விளக்கினால்தான் கேள்வி வரும். வெறும் தண்ணீர் இலவசம் அன்று, கேட்டால் பெரும்பாலும் சோடாத் தண்ணீரே வரும். சாதாரண நீருக்கு 'ஷ்டில்லெஸ் வாஸ்ஸர்' என்று சொல்ல வேண்டும்.

'சேர்ந்து சாப்பிடலாம் வா' என்று கூப்பிட்டார்களா, 'நான் அழைக்கிறேன்' என்ற பொருளில் 'இஷ் லாடெ டிஷ் ஐன்' என்றார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். முன்னதானால் அவரவர் காசு அவரவர்க்கு. இதில் வருந்த எதுவும் இல்லை. பணியாளர் ஒவ்வொருவராகக் கணக்குப் பார்ப்பார். 27.40 யூரோ என்றால், பணத்தை நீட்டும்போதே '30' என்று சொல்லிவிடுங்கள்; மேசையில் சில்லறையை விட்டுவிட்டு வருவது இங்கே வழக்கமில்லை. அட்டை வாங்காத விடுதிகள் கிராமங்களில் இன்னும் இருப்பதால் நோட்டாகவே கொண்டு போங்கள்.

திரும்பும்போது, குடிக்காதவர் நீங்கள் ஒருவரே என்பதால் கார்ச் சாவியை உங்களிடம் நீட்டினாலும் நீட்டுவார்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் செல்லும், அதுவும் மொழிபெயர்ப்பு கையில் இருக்க வேண்டும்; அது இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.