நார்டிக் குளிர்காலத்துல கார் ஓட்டுறது: உங்க கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம் மக்களே. நவம்பர் வந்தாச்சு, இந்த வருஷம் புதுசா வந்தவங்க நிறைய பேர் கார் வாங்கிட்டு ஒரே மாதிரி கேள்வியா கேக்குறீங்க, அதனால எல்லாத்துக்கும் சேர்த்து உட்கார்ந்து பதில் எழுதுறேன். நான் இருக்கறது ஸ்வீடனோட வடக்குல லூலியோ. வேலைக்காக ஈ4, ஈ10 ஹைவே ரெண்டுலயும் குளிர்காலம் பூரா ஓட்டுறவன், நார்வே பின்லாந்து பக்கமும் போயிட்டு வர்றதுதான்.

கார்த்திக், கோத்தன்பர்க்: அண்ணா, இங்க அவ்வளவா பனி விழறதில்லயே. ஆல் சீசன் டயர் போதாதா? ஸ்டட் டயர் வாங்கணுமா?

தம்பி, ஸ்வீடன் சட்டத்த முதல்ல சொல்லிடுறேன். டிசம்பர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் ரோட்டுல பனியோ ஐஸோ சொதசொதன்னு உருகின பனியோ இருந்தா வின்டர் டயர் கட்டாயம், டயர் மேல இருக்கற கோட்டோட ஆழம் குறைஞ்சது 3 மில்லிமீட்டர் இருக்கணும். ஸ்டட், அதாவது சின்ன இரும்பு ஆணி, இல்லாத டயர்னா பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள ஸ்னோஃப்ளேக்கும் போட்டிருக்கணும், 2024 டிசம்பர்ல இருந்து சேறு, பனிக்குன்னு போடற வெறும் எம் ப்ளஸ் எஸ் எழுத்து செல்லாது.

ஆனா அந்த மலை படத்த மட்டும் பாத்து வாங்கிடாதீங்க. ஜெர்மனி பக்கத்து மழைக்கும் ஹைவேக்கும் செஞ்ச வின்டர் டயர்லயும் அதே படம்தான் இருக்கும், அதோட ரப்பர் ஐஸ்ல பிடிக்காது. இந்த பக்கத்து குளிருக்குன்னு செஞ்ச நார்டிக் டயர் வேற, ரப்பர் ரொம்ப மிருதுவா இருக்கும், நகத்தால அழுத்தினாலே தெரியும். டயர் லேபிள்ல ஐஸ் கிரிப்புக்குன்னு தனி படம் இருக்கு, அத கேட்டு வாங்குங்க. ஆல் சீசன் எனக்கு சம்மதம் இல்ல.

ஸ்டட் பத்தி கேட்டா, சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டுறவங்களுக்கு ஸ்டட் இல்லாத நல்ல நார்டிக் ஃப்ரிக்‌ஷன் டயரே போதும், சத்தமும் கம்மி, ரோட்டையும் சுரண்டி தூசி கிளப்பாது. அந்த தூசிக்காகத்தான் ஸ்டாக்ஹோம்ல ஹூர்ன்ஸ்காத்தான் தெருவுல 2010ல இருந்தே ஸ்டட் டயருக்கு தடை. ஆனா காலைல ஆறு மணிக்கே ஊருக்கு வெளிய கிளம்புறீங்க, ஏரியோரமா ரோடு போகுதுன்னா ஸ்டட் போடுங்க, ஈரமான ஐஸ்ல அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

பிரியா, எஸ்போ: மைனஸ் 25 ஆனா ஓட்டவே பயமா இருக்கு. அந்த மாதிரி நாள்ல வீட்லயே இருந்துடறது நல்லதா?

பிரியா, உங்க பயம் நியாயம்தான், ஆனா தப்பான நாள பாத்து பயப்படுறீங்க. மைனஸ் 25ல ஐஸ் காஞ்சு கெட்டியா இருக்கும், டயர் ஓரளவு பிடிக்கும், காரோட பேட்டரிக்குத்தான் அன்னிக்கு கஷ்டம். நீங்க பயப்பட வேண்டியது ப்ளஸ் 2ல இருந்து மைனஸ் 3 வரைக்கும். அப்ப ஐஸ் மேல மெல்லிசா தண்ணி நிக்கும், சோப்பு தண்ணி ஊத்தின மொசைக் தரை மாதிரி. அதுவும் ராத்திரி வானம் தெளிவா இருந்தா ரோடு காத்த விட சில்லுனு ஆயிடும், டாஷ்போர்டுல ப்ளஸ் 2ன்னு காட்டும் ஆனா ரோடு மைனஸ்ல இருக்கும். அந்த மீட்டர் காட்டறது காத்தோட சூடுதான். பாலத்துக்கு கீழயும் காத்து அடிக்கறதால அது முதல்ல உறையும். முன்னாடி போற வண்டியோட சக்கரத்துல இருந்து தண்ணி தெறிச்சுட்டே வந்து திடீர்னு நின்னுதுன்னா, ஆனா ரோடு இன்னும் பளபளன்னு கருப்பா இருந்தா, அது தண்ணி இல்ல ஐஸ். உடனே பிரேக்க மிதிக்காம காலை மெதுவா எடுங்க.

உப்பு போட்டிருப்பாங்கன்னு நம்பி போகாதீங்க, மைனஸ் 8, 10க்கு கீழ உப்பு சரியா வேலை செய்யாது, அதான் வடக்குல மணலும் பொடிக்கல்லும் போடுறாங்க.

கணக்கும் ஒண்ணு சொல்றேன். 50 கிலோமீட்டர் ஸ்பீடுல போறப்ப காஞ்ச ரோட்டுல பிரேக் போட்டா சுமார் 12 மீட்டர்ல நிக்கும். ஐஸ்ல அதே கார் 100 மீட்டர் கிட்ட போய்த்தான் நிக்கும், ஈர ஐஸ்னா அதையும் தாண்டும். நீங்க பாத்து சுதாரிக்கிற ஒரு செகண்டுல ஓடுற 14 மீட்டர் தனி. பின்லாந்துல குளிர்காலத்துக்குன்னே ஸ்பீடு லிமிட் 120ஐ 100ஆவும், நிறைய இடத்துல 100ஐ 80ஆவும் இறக்குறாங்கல்ல, அது சும்மா இல்ல.

ரமேஷ், வெஸ்டரோஸ்: சறுக்க ஆரம்பிச்சா என்ன பண்ணணும்? நான் ஃபோர் வீல் டிரைவ் எடுத்திருக்கேன், பரவாயில்லயா?

ஃபோர் வீல் கிளம்பறதுக்கும் மேடு ஏறறதுக்கும் உதவும். நிக்கறதுக்கு ஒண்ணும் உதவாது, எல்லா காருக்கும் பிரேக் நாலு சக்கரத்துலதான். அந்த தைரியத்துல ஸ்பீடு ஏத்தறவங்கதான் பள்ளத்துல கிடக்கறாங்க.

முன்பக்கம் சறுக்கி திரும்பாம நேரா போச்சுன்னா ஸ்டீயரிங்க இன்னும் ஒடிக்காதீங்க, கொஞ்சம் நேராக்குங்க, காலை எடுங்க, டயர் திரும்ப பிடிக்கும். பின்பக்கம் விலகினா போக வேண்டிய ரோட்ட பாருங்க, எதிர்ல இருக்கற மரத்த பாக்காதீங்க, கண்ணு போற பக்கம்தான் கையும் போகும். நிறுத்தியே ஆகணும்னா பிரேக்க முழு பலத்தோட மிதிங்க, சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் கடகடன்னு கால உதைக்கும், பயந்து விட்டுடாதீங்க. இதெல்லாம் படிச்சா வராது, ஸ்வீடன் லைசென்ஸுக்கு சறுக்கல் ட்ராக்ல ஓட்டியே ஆகணும்ல, அத ஃபார்மாலிட்டியா முடிக்காம அங்க நல்லா சறுக்கிப் பாத்துட்டு வாங்க.

சுகந்தி, பேர்கன்: வணக்கம் அண்ணை. ஒஸ்லோவுக்கு ஹார்டங்கர்விட்டாவால போகேக்க கொலோன்னெயில ஓட வேணும் எண்டு சொல்லினம். அதென்ன மாதிரி? பிள்ளையளும் வருகினம்.

வணக்கம் சகோதரி. ஹார்டங்கர்விட்டாங்கற அந்த மலை மேல காத்தும் பனியும் அதிகமானா ரோட்டுல கேட் போட்டு மூடிடுவாங்க, குறிப்பிட்ட நேரத்துக்கு பனி அள்ளுற வண்டி முன்னாடி போக, கார்களெல்லாம் வரிசையா அது பின்னாடியே போகணும், அதுதான் கொலோன்னெ. முன்னாடி இருக்கற காரோட சிவப்பு லைட்ட கண்ணுல இருந்து விடாதீங்க, நடுவுல யூ டர்ன் எடுக்கக் கூடாது, நின்னுட்டாலும் கார விட்டு இறங்கக் கூடாது, ரெண்டு அடி தள்ளிப் போனாலே கார் தெரியாத அளவுக்கு பனி பறக்கும். டாங்க் ஃபுல்லா இருக்கட்டும். பிள்ளைங்க ஜாக்கெட்ட டிக்கியில வைக்காம கைக்கு எட்டற மாதிரி வைங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி நார்வேல 175க்கு போன் பண்ணி ரோடு நிலவரம் கேட்டுக்கலாம். என்ன கேட்டா பிள்ளைங்களோட போறப்ப ஈ16ல லார்டால் பக்கமா போங்க, குளிர்காலத்துல அதுதான் அதிகம் மூடாத வழி. அங்க 24.5 கிலோமீட்டர் டனல் வரும், குளிர்ல இருந்து உள்ள நுழையறப்ப கண்ணாடி வெளிப்பக்கம் சட்டுனு மூடிக்கும், வைப்பர்ல கைய தயாரா வைங்க.

தினேஷ், உமேயோ: மூஸ் குறுக்க வந்தா?

மூஸ்ங்கறது பெரிய மான் வகை, கால் உயரமா இருக்கறதால பம்பர் காலத்தான் தட்டும், நானூறு கிலோ உடம்பு அப்படியே கண்ணாடி மேல விழும். அதனால முழு பிரேக், தப்பிக்க இடம் இருந்தா அது வந்த பக்கமா, அதோட பின்பக்கத்துக்கு ஸ்டீயரிங்க திருப்புங்க. விடியற நேரமும் இருட்டற நேரமும் அதிகமா வரும், தாய் போனா குட்டி பின்னாடியே வரும். ரெயின்டீர் வடக்குல கூட்டமா ரோட்டுலயே நிக்கும், பொறுமையா ஊர்ந்து போங்க. எதுல மோதினாலும், அது ஓடிப் போயிட்டாலும், ஸ்வீடன்ல அவசர நம்பர் 112க்கு சொல்லி இடத்த அடையாளம் வைக்கணும். அடிபட்ட ஜீவன் காட்டுக்குள்ள துடிச்சுட்டு கிடக்கும், தேடிப்போய் அதோட வேதனைய முடிக்க ஆள் அனுப்புவாங்க.

மீனா, லுண்ட்: லைட் ஆட்டோல இருந்தா போதுமா அக்கா/அண்ணா?

அண்ணாதான் மா. போதாது. பகல்ல பனி பெய்யறப்ப நிறைய கார்ல ஆட்டோல முன் லைட் மட்டும்தான் எரியும், பின் லைட் எரியாது, லாரி கிளப்பற பனிப்புகைல நீங்க இருக்கறதே தெரியாது. கையால லோ பீம் போடுங்க. எல்இடி லைட் சூடாகாது, அது மேல பனி ஒட்டிக்கிட்டே இருக்கும், பெட்ரோல் போட நிக்கறப்பல்லாம் துடைங்க.

விக்னேஷ், தம்பெரே: காலைல கிளம்பறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணணும்? கார்ல என்ன வெச்சுக்கணும்?

ராத்திரியே பார்க்கிங் கம்பத்துல இருக்கற கரண்ட் பிளக்ல எஞ்சின் ஹீட்டர் ஒயர மாட்டி டைமர் வைங்க, எலக்ட்ரிக் கார்னா சார்ஜர்ல இருக்கறப்பவே உள்ள சூடு பண்ணுங்க, அதுலயே ரேஞ்ச் நிறைய மிச்சமாகும். கண்ணாடில சுடுதண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும். முழு கண்ணாடியும் சுரண்டுங்க, கூரை பனியையும் தள்ளுங்க, பிரேக் போட்டா அது மொத்தமா வழுக்கி உங்க கண்ண மறைக்கும். ஈரத்துல ஓட்டிட்டு வந்து ஹேண்ட்பிரேக் போட்டா உறைஞ்சு பிடிச்சுக்கும், சமதரைல கியர்ல விடுங்க. டயர் காத்து 10 டிகிரி குறைஞ்சா 0.1 பார் இறங்கும், மாசம் ஒரு தடவ பாருங்க.

கார்ல கம்பளி, மண்வெட்டி, டார்ச், இழுக்கற கயிறு, ரிஃப்ளெக்டர் வெஸ்ட், பவர் பேங்க். பனில மாட்டிக்கிட்டா சைலன்சர் வாய சுத்தி இருக்கற பனிய தோண்டிட்டுத்தான் எஞ்சின ஓட விடணும். அடைச்சிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், வாசனையே தெரியாது. பனி கொட்டிக்கிட்டே இருந்தா அப்பப்ப இறங்கி திரும்ப தோண்டுங்க.