பிளாட்டினம் எப்படிப் புற்றுநோய் மருந்தாகிறது?

வேலூருக்குச் சிகிச்சைக்கு வருபவர்கள் மருந்துச் சீட்டில் 'சிஸ்பிளாட்டின்' என்று பார்த்துவிட்டு, "உலோகத்தையா உடம்பில் ஏற்றுகிறார்கள்?" என்று பதறுவது இயல்புதான்.

இது ஓர் உலோகச் சேர்மம். நடுவில் ஒரு பிளாட்டின அணு, சுற்றிலும் இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. செல்லுக்குள் போனதும் குளோரின் கழன்றுவிடும். காலியான அந்த இரண்டு கைகளால் பிளாட்டினம் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவைப் படியெடுக்காமல் செல் பிரிய முடியாது, திணறி இறந்துவிடும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். குரோமிய உப்பு தோலின் நார்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுவதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. இங்கே கட்டுப்படுவது டிஎன்ஏ.

1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி பாக்டீரியாவின் மேல் மின்புலத்தைச் செலுத்திப் பார்த்தபோது, அவை பிரியாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமல்ல, பிளாட்டின மின்முனையிலிருந்து உருவான சேர்மங்கள்! எனக்கு அலுக்காத கதை இது. 1978இல் அங்கே சிஸ்பிளாட்டினுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது.

நல்ல செல்களும் அடிவாங்கும்; சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படலாம். அதனால்தான் நிறைய சலைன் ஏற்றி, ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

அப்புறம், பிளாட்டினம் என்ற உலோகமே மருந்து என்று நினைத்துவிடாதீர்கள்: அதே அணுக்களை இடம் மாற்றி அமைத்த டிரான்ஸ்பிளாட்டின்கூட புற்றுநோய்க்கு உதவுவதில்லை.