பழைய செங்கல் கொட்டகையின் உட்சுவர்: கேள்வி பதில்

கேள்வி: சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. ஏற்கெனவே ஒருமுறை சிமெண்ட் பூசி, அதுவும் போய்விட்டது. இனி எதைப் பூசலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வெளிமண் உள்தரையைவிட மேடாக இருக்கிறதா? கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா? மண்ணை உள்தரைக்கு அரையடி கீழே வரை வெட்டி இறக்குங்கள் (அஸ்திவாரம் வெளியே தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்). பழைய சுவரில் ஓதத் தடுப்பு (மண் ஈரம் மேலேறாமல் சுவரடியில் வைக்கும் அடுக்கு) பெரும்பாலும் இருக்காது. செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். அது சுவர்ப் பரப்பு வழியாக ஆவியாகிவிட்டால் தொல்லையில்லை. சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைப் பாளம் பாளமாகத் தள்ளுகிறது. ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு உலர விடுங்கள். சுவர்க் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு.

கேள்வி: வெள்ளையாகப் பூக்கும் உப்பைக் கழுவிவிடலாமா சார்?

பதில்: கழுவினால் கரைந்து திரும்பவும் கல்லுக்குள் போய்விடும். காய்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்து, தூளைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். பூக்கப் பூக்க இதையே செய்ய வேண்டும்.

கேள்வி: கல் இடுக்கில் காரை விரலால் சுரண்டினாலே மாவாக வருகிறது. கலவை விகிதம் சொல்லுங்கள். ஒரு பிடி சிமெண்ட் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். கல்லைவிடக் காரை மெத்தென்று இருக்க வேண்டும். காரை சிதைந்தால் மாற்றிக்கொள்ளலாம். கல்லே சிதைந்தால் என்ன செய்வீர்கள்? நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு விழுது 1 பங்கு, கழுவிய சொரசொரப்பு மணல் 3 பங்கு. சந்தின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம், குறைந்தது முக்கால் அங்குலம், உளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். தூசு தட்டித் தண்ணீர் தெளியுங்கள். கல் ஈரமாக இருக்கலாம், மினுமினுக்கக் கூடாது. உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதத்தில் கலவையை இறுக்கித் திணித்து, ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது, அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் திரும்பவும் மாவுதான். விழுது தோலை அரிக்கும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: மூலையில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடுகிறது. காரை வைத்து அடைத்தால் போதுமா?

பதில்: அது அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, தேதி எழுதி, ஒரு வருடம் இடைவெளியை அளந்து வாருங்கள். அகலம் கூடினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மாறாமல் நின்றால் அடைக்கலாம்.

கேள்வி: கடைசியில் எந்த பெயிண்ட் அடிப்பது?

பதில்: சுண்ணாம்பு வெள்ளை மட்டும். பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்து, நாளைக்கு ஒரு பூச்சு என்று நான்கு முறை. அடிக்கும்போது கண்ணாடி போலத் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். வெளுக்கவில்லையே என்று கெட்டியாக்கினால் செதில் செதிலாக உரியும்.