எஃப்ஜிஎஃப்-2 வளர்ச்சிக் காரணி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மனித ஸ்டெம் செல்களுக்கு, செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதமான எஃப்ஜிஎஃப்-2 கலந்த ஊடகத்தை (வளர்ப்புத் திரவத்தை) மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். செல் கூட்டங்களின் ஓரம் கலைந்து, செல்கள் வேறு வகையாக மாறத் தொடங்குகின்றன. புரதம் தரமற்றதா?

பதில்: குப்பியைச் சந்தேகிக்கும் முன் ஊடகம் மாற்றும் இடைவெளியைப் பாருங்கள். உடலில் இப்புரதம் செல்களைச் சூழ்ந்துள்ள ஹெப்பாரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளுடன் பிணைந்து பாதுகாப்பாக இருக்கிறது. வளர்ப்புத் தட்டில் அப்பிடிமானம் போதிய அளவு இல்லாததால், 37 டிகிரியில் அதன் மடிப்பு குலைந்து, ஒரு நாளுக்குள்ளாகவே செயல்திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே மூன்றாம் நாள் உங்கள் செல்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய வெறும் ஊடகமே. தினமும் மாற்றுவதே எளிய வழி. சில அமினோ அமிலங்களை மாற்றி, வெப்பம் தாங்கும்படி வடிவமைத்த எஃப்ஜிஎஃப்-2 வகைகளும் விற்பனைக்கு உள்ளன. ஹெப்பாரான் சல்பேட்டை ஒத்த ஹெப்பாரினைச் சேர்த்தாலும் புரதம் நிலைத்திருக்கும்; ஆனால் அது வேறு வளர்ச்சிக் காரணிகளையும் பற்றிக்கொள்ளும் என்பதால், ஹெப்பாரின் மட்டும் இட்ட ஒப்பீட்டுத் தட்டு ஒன்று அவசியம்.

கேள்வி: 50 மைக்ரோகிராம் குப்பியை எப்படிக் கரைப்பது? உள்ளே தூளே தெரியவில்லை.

பதில்: அவ்வளவு சிறிய அளவு கண்ணுக்குத் தெரியாமல் போவது இயல்பு. மூடியில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் சில நொடிகள் சுழற்றுங்கள். உற்பத்தியாளர் சொல்லும் கரைப்பானில் 500 மைக்ரோலிட்டர் விட்டு, வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்காமல் மெதுவாகக் கரைத்தால், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கரைசல் கிடைக்கும். அதில் 5 மைக்ரோலிட்டர், 50 மில்லிலிட்டர் ஊடகத்தை மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் செறிவுக்குக் கொண்டுவரும். நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி வீணாகும். உங்கள் சோதனைக்கு இடையூறில்லை என்றால் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்தின் அல்புமின் புரதம்) சேர்த்து, சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கிய பங்கை மீண்டும் உறையவைக்க வேண்டாம்.

கேள்வி: பாக்டீரியாவில் தயாரித்தது மனிதப் புரதத்துக்கு ஈடாகுமா?

பதில்: இதற்கு ஆகும். எஃப்ஜிஎஃப்-2 வேலை செய்யச் சர்க்கரைக் கிளைகள் தேவையில்லை என்பதால், இ.கோலை பாக்டீரியா தருவதே போதும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினுக்கு அக்கிளைகள் தேவை என்பதால், அதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் கவலைப்பட வேண்டியது பாக்டீரியாவின் சுவரிலிருந்து கலந்துவிடும் எண்டோடாக்சின் என்ற நச்சைப் பற்றித்தான். மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள் அந்தப் பாக்டீரியச் சுவர்ப் பொருளுக்கே எதிர்வினை காட்டும்போது, அதைப் புரதத்தின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

கேள்வி: எடை ஒன்றுதான், ஆனால் இரண்டு லாட்கள் (தயாரிப்புத் தொகுதிகள்) வேறுவேறு விளைவு தருகின்றனவே?

பதில்: எடை புரதத்தின் அளவைச் சொல்லும், அதன் வீரியத்தைச் சொல்லாது. அதிகபட்ச விளைவில் பாதியைத் தரும் செறிவான இடி-50 மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்றால், வீரியம் மில்லிகிராமுக்கு 10 லட்சம் யூனிட், 0.5 என்றால் 20 லட்சம். அந்த எண்ணும் பெரும்பாலும் 3டி3 என்ற ஆய்வக எலிச் செல்களில் அளந்தது. எனவே புதிய லாட் வந்ததும், பழையது தீர்வதற்குள், உங்கள் செல்களிலேயே இரண்டையும் பல செறிவுகளில் அருகருகே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மீந்ததைக் காயத்தில் இடலாமா?

பதில்: கூடாது. ஜப்பானில் டிராஃபெர்மின் என்ற பெயரில் தோல் புண்ணுக்கு மருந்தாக வழங்கப்படுவது இதே காரணிதான். ஆனால் அது மருந்துத் தரத்தில் தயாரித்தது, உங்கள் குப்பி ஆய்வுக்கு மட்டுமானது.