கூர்வளைவு இருந்தாலே கோதிக்கா?

வணக்கம் ஐயா,

இடைக்கால ஐரோப்பியக் கலையைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். அரைவட்ட வளைவு என்றால் ரோமனெஸ்க் பாணி, கூர்வளைவு என்றால் அதற்குப் பின் வந்த கோதிக் பாணி என்று மனதில் பதித்து வைத்திருந்தேன். பிரான்ஸின் ஓத்தன் பேராலயத்தின் படங்களைப் பார்த்தால் உள்ளே எல்லாம் கூர்வளைவு. புத்தகமோ அதை ரோமனெஸ்க் என்கிறது. குழம்பிவிட்டேன். சிற்பமும் ஓவியமும் வேறு இருக்கின்றன. எங்கிருந்து பிடிப்பது? அடுத்த ஆண்டு பிரான்ஸ் போகும் வாய்ப்பும் உண்டு.

ர., கோவை

அன்புள்ள ர.,

புத்தகம் சொல்வது சரிதான். ஓத்தன் 1120 வாக்கில் தொடங்கிய கட்டடம். அதே பர்கண்டிப் பகுதியில், 1088-ல் தொடங்கிய க்ளூனி மடாலயப் பேராலயத்திலேயே கூர்வளைவு வந்துவிட்டது. எனவே வளைவின் வடிவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கூரையின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பாருங்கள்.

ஓத்தனின் நடுக்கூடத்தின் மேல் இருப்பது, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற கூரை. உச்சி மட்டும் சற்றுக் கூர். அது சுவரை நீளம் முழுக்க வெளியே தள்ளும். அதனால் சுவர் தடிமனாகவும் சாளரம் சிறியதாகவும் இருந்தாக வேண்டும். 1194 தீ விபத்துக்குப் பிறகு எழுந்த ஷார்த்ர் பேராலயத்தில் கூரையடியில் விலா எலும்பு போன்ற கல் வளைவுகள், அதாவது விலாக்கள், குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. பாரம் ஒவ்வொரு அங்கணத்தின் (நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின்) நான்கு மூலைகளிலும் போய்ச் சேர்கிறது. வெளித்தள்ளலை அந்த மூலைகளில் வெளியிலிருந்து முட்டு வளைவுகள் வாங்கிக்கொள்கின்றன. இடைப்பட்ட சுவருக்கு வேலை குறைந்துவிட, அதைத் திறந்து கண்ணாடி வைத்தார்கள்.

கூர்வளைவின் உண்மையான உதவி இங்கேதான். அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதி, மாற்ற முடியாது. 16 மீட்டர் அகல வளைவு 8 மீட்டர் எழும், 8 மீட்டர் அகல வளைவு 4 மீட்டர்தான் எழும். நீள்சதுர அங்கணத்தில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வராது. கூர்வளைவை வேண்டிய உயரத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டுத் தள்ளலும் குறைவு.

இதைப் படித்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது, வரைய வேண்டும். ஷார்த்ரின் ஓர் அங்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தரைப்படம், உள்சுவரின் நேர்தோற்றம், குறுக்குவெட்டு மூன்றையும் கட்டத்தாளில் போடுங்கள். கூரை உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். 1:100 அளவில் ஏ4 தாளுக்குள் அடங்காது, 1:200 என்றால் பதினெட்டரை சென்டிமீட்டர். தரைப்படத்தில் கறுத்திருப்பது சுவரும் தூணும்; மெல்லிய குறுக்குக் கோடுகள் தலைக்கு மேலிருக்கும் விலாக்கள். தொடங்குபவர்கள் இவற்றைத் தரையிலுள்ள கோடுகள் என்று எண்ணிவிடுவார்கள். அளவைப் புகைப்படத்திலிருந்து எடுக்காதீர்கள். அகலக்கோண லென்ஸ் தூண்களைச் சாய்த்து, விகிதத்தைக் கெடுத்துவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. விலாக்களால் ஆறு பகுதியாகப் பிரிந்த கூரை பழையது (லான், பாரிஸ் பேராலயங்கள்), நான்கு பகுதி பிந்தையது (ஷார்த்ர்) என்று பாடநூல் சொல்லும். அந்த விதியோடு போவே பேராலயத்துக்குப் போனால் ஏமாறுவீர்கள். அங்கே கூரையை 48 மீட்டருக்கு ஏற்றினார்கள். 1284-ல் ஒரு பகுதி விழுந்தது. திரும்பக் கட்டும்போது பழைய தூண்களுக்கு நடுவே புதுத் தூண்களைச் செருகியதால் நான்கு பகுதிக் கூரை ஆறாயிற்று. ஆக, அங்கே ஆறு என்பது பழுதுபார்த்ததன் அடையாளம். எந்தப் பேராலயத்தையும் ஒரே காலத்துக் கட்டடமாகப் பார்க்காதீர்கள். ஷார்த்ரின் முகப்பிலேயே தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டு, வடக்குக் கோபுரத்தின் உச்சி 1513-ல் முடிந்தது.

சிற்பத்துக்கும் ஷார்த்ரே போதும். மேற்கு வாயில் 1194 தீயில் தப்பியது; 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. உருவங்களின் பாதங்களைப் பாருங்கள்: விரல்நுனி கீழ்நோக்கிச் சரிந்து, எடையே இல்லாமல் தொங்கும். உடைமடிப்பு தூணில் கீறிய கோடுகளாக இருக்கும். அப்படியே தெற்கு வாயிலுக்கு வந்து, இரும்பு வளையக் கவசம் அணிந்த புனித தியடோரைப் பாருங்கள். பாதம் தட்டையாக ஊன்றியிருக்கிறது, இடுப்பு ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. இடையில் நூறாண்டுகூட இல்லை.

ஓவியம் என்றதும் பலர் இத்தாலிக்கு ஓடுகிறார்கள். போகட்டும், ஆனால் வட பிரான்ஸில் கண்ணாடிதான் ஓவியம். நிறம் பெரும்பாலும் கண்ணாடியை உருக்கும்போதே சேர்ந்தது. முகமும் மடிப்பும் மட்டும் பழுப்புக் கறுப்புச் சாயத்தால் தீட்டிச் சூளையில் சுட்டவை. சாயம் உதிர்ந்த இடத்தில் முகம் வெறுமையாக இருக்கும். அதைப் பாணி என்று எழுதிவிடாதீர்கள். ஷார்த்ரின் தென்புறத்து நீல மாதா சாளரத்தில் மாதா 12ஆம் நூற்றாண்டு, சுற்றியுள்ள தேவதூதர்கள் 13ஆம் நூற்றாண்டு. கதைச் சாளரங்களைப் பொதுவாகக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

பயணத்தில் எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று கட்டாயம், கேமரா இரண்டாம்பட்சம். மேற்கு முகப்பைப் பிற்பகலில் பாருங்கள், காலையில் நிழலில் கிடக்கும். பாரிஸில் ஷையோ அரண்மனையிலுள்ள கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் தேவாலய வாயில்களின் முழு அளவு சுதைப் பிரதிகள் இருக்கின்றன. முதலில் அங்கே அரை நாள் செலவிட்டுவிட்டு ரயிலேறுங்கள். ஷார்த்ர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.