பின் ஆக்சில் விகிதத்தை மாற்றினால் டீசல் மிச்சமாகுமா?

கேள்வி: சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுகிறேன். கடனில் இன்னும் 24 தவணைகள் பாக்கி. மாதம் சுமார் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்குச் சராசரியாக 4 கிலோமீட்டர் கிடைக்கிறது. போகும்போது முழு லோடு, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, வழியெல்லாம் ஏற்ற இறக்கம். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி, 80-ல் வருவேன். இப்போது பின் ஆக்சில் விகிதம் 4.30. அதை 3.73 ஆக மாற்றினால் 10 சதவீத டீசல் மிச்சமாகும் என்கிறார் மெக்கானிக். அவர் சொன்ன தொகை, ஏறத்தாழ 1,000 லிட்டர் டீசலின் விலை. அவசரத்துக்கென்று நான்கு தவணைக்கான பணம் சேர்த்து வைத்திருக்கிறேன்; அதில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். மூன்று ஆண்டுகளில் வண்டியை விற்கும் எண்ணம் இருக்கிறது. செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்தக் கையிருப்பைத் தொட்டு நிச்சயமாக வேண்டாம். மெக்கானிக் சொல்வதில் உண்மையே இல்லை என்பதல்ல. அந்த உண்மை உங்கள் வண்டி ஓடும் விதத்துக்குப் பொருந்தவில்லை.

செலவை லிட்டரில் சொன்னதற்கு முதலில் பாராட்டு. டீசல் விலை ஏறினாலும் இறங்கினாலும் மிச்சத்தையும் செலவையும் ஒரே தராசில் நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பதிலிலும் அதையே பின்பற்றுகிறேன்.

4.30 என்றால், பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 43 பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10 பல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, பினியன் 4.3 சுற்று சுற்ற வேண்டும். 41 பல்லுக்கு 11 பல் என்று மாற்றினால் அது 3.73 ஆகிறது. அதே வேகத்தில் வண்டி போனாலும் எஞ்சின் மெதுவாகச் சுழலும். சுழற்சி குறைந்தால் உள் உராய்வில் வீணாகும் சக்தி குறையும். அங்கிருந்துதான் மிச்சம் வருகிறது. கனரக டீசல் எஞ்சினில், சீரான ஓட்டத்தில் நிமிடத்துக்கு 100 சுற்றுக் குறைந்தால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் குறையும் என்பது துறையில் பழகிய தோராயக் கணக்கு. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டாலே 10 சதவீதப் பேச்சைச் சோதித்துவிடலாம்.

உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் உருளும் என்று கொள்வோம். பெரிய லாரி டயர்களுக்கு இது நெருங்கிய அளவு. டாப் கியர் நேரடி கியர், அதாவது விகிதம் 1 என்றும் கொள்வோம். 80-ல் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 417 முறை சுற்றும். 4.30-ல் எஞ்சின் 1,790 சுற்று, 3.73-ல் 1,555 சுற்று. வித்தியாசம் 240-க்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் சுமார் 2.4 சதவீதம். பத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அந்த 2.4 சதவீதமும் முழு டீசலுக்கும் கிடைக்காது. மாதம் நீங்கள் ஊற்றும் 2,000 லிட்டரில், லோடு ஏற்றிய பாதி வழி 1,200 லிட்டரைக் குடிக்கும், காலி வழி 800 லிட்டரைக் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். காலி வழியில் 800 லிட்டருக்கு 2.4 சதவீதம் என்றால் 19 லிட்டர். அவ்வளவுதான்.

லோடு வழியில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலரும் ஏமாறும் இடம் அதுதான். 60-ல் போகும்போது இப்போது உங்கள் எஞ்சின் டாப் கியரில் 1,345 சுற்றில் ஓடுகிறது. சுற்றைக் காட்டும் மீட்டரின் முள், டீசல் குறைவாகச் செலவாகும் பச்சைப் பட்டைக்குள் வசதியாக நிற்கும் இடம். விகிதத்தை மாற்றினால் அது 1,165-க்கு இறங்கிவிடும். சமதரையில் சமாளிக்கலாம். முழு லோடோடு சிறு மேடு வந்தாலும் எஞ்சின் திணறும், நீங்கள் ஒரு கியர் கீழே இறக்குவீர்கள். அந்தக் கியரின் விகிதம் 1.35 என்றால் சுற்று 1,570-ஐத் தாண்டிவிடும். முன்பு 1,345-ல் டாப் கியரிலேயே ஏறியிருக்கக்கூடிய மேட்டை, இப்போது 1,570-ல் ஏறுகிறீர்கள். மிச்சம் பிடிக்க வாங்கிய பல்சக்கரம் அங்கே டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறது. அதனால் லோடு வழியில் மிச்சம் எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்று. ஒரே கியரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை 13 சதவீதம் குறையும். ஏற்றத்தில் முழு லோடோடு நிறுத்தி எடுக்கும்போது அதன் பாரம் கிளட்சின் மேல் விழும். அதே இழுவையைப் பெற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் அதன் மூட்டுகளான கிராஸ்களும் 15 சதவீதம் கூடுதல் முறுக்கு விசையைத் தாங்க வேண்டும். மெக்கானிக் சொன்ன தொகையில் இந்தத் தேய்மானம் இல்லை. ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்யும் வேலை அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பின்னால் இரண்டு ஆக்சில்களும் இழுக்கும் வண்டியாக இருந்தால், இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும், செலவு இரட்டிப்பாகும்.

இனி பணக் கணக்கு. 1,000 லிட்டரைப் போட்டு மாதம் 19 லிட்டர் எடுக்கிறீர்கள். போட்ட முதல் திரும்பி வர 52 மாதங்களுக்கு மேல் ஆகும். நீங்களோ 36 மாதத்தில் விற்கப் போகிறீர்கள். அதுவரை கைக்கு வருவது 684 லிட்டர். 316 லிட்டர் நட்டம். ஆண்டுக்கு 228 லிட்டர் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘போட்ட பணத்துக்கு 23 சதவீத வருமானம்’ என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். வைப்புத் தொகையில் வட்டியும் வரும், முதலும் முடிவில் திரும்பும். இங்கே போட்ட முதலோ ஆக்சிலுக்குள் போய்விட்டது. விகிதம் மாற்றியதற்காக வண்டியை வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

அந்தக் கையிருப்பைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு வண்டி நின்றால் வருமானம் முழுவதும் நின்றுவிடும், தவணை நிற்காது. எஞ்சின் வேலைக்காக வண்டி ஒரு மாதம் பணிமனையில் நின்றால், உங்கள் பெயரையும் வண்டியையும் காப்பாற்றப் போவது அந்த நான்கு தவணைப் பணம்தான். அதற்கு மேல் பணம் சேர்ந்தால் முதலில் கடனின் அசலைக் குறைக்கப் பாருங்கள். முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லையென்றால், கடன் வட்டி எவ்வளவோ அவ்வளவு லாபம் உறுதியாகக் கிடைக்கும்.

டீசலைக் குறைக்கச் செலவில்லாத வழி ஒன்று உங்கள் காலடியிலேயே இருக்கிறது. திரும்பி வரும்போது 80-க்குப் பதில் 70-ல் வாருங்கள். இப்போதைய 4.30-லேயே எஞ்சின் 1,570 சுற்றுக்கு இறங்கிவிடும். புதிய விகிதத்தில் 80-ல் கிடைக்கும் அதே இடம், கிட்டத்தட்ட. அதோடு காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 23 சதவீதம் குறையும். பல்சக்கரம் மாற்றி இந்த லாபத்தைப் பெறவே முடியாது. விலை, நேரம்: 4,000 கிலோமீட்டருக்கு மாதம் 7 மணி நேரம் கூடும். அதனால் ஒரு நடை தவறாது என்றால் இன்றே தொடங்கலாம். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பி மூன்று நடைகள் அளந்து பாருங்கள். ஒரு நடையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மெக்கானிக்கின் யோசனை வேறொருவருக்குச் சரியாக இருக்கும். சமதரை நெடுஞ்சாலையில் இரு வழியும் 80-லேயே ஓடி, மாதம் 3,000 லிட்டர் ஊற்றுபவருக்கு 72 லிட்டர் மிஞ்சும். 14 மாதத்தில் முதல் வந்துவிடும். அவரிடம் நான் தயங்காமல் செய்யச் சொல்வேன்.

உங்கள் வண்டியில் பின் ஆக்சில் சத்தம் போட்டு, கிரவுன் பினியனைச் சோடியாக மாற்றியே ஆக வேண்டிய நாள் வந்தால் கணக்கு வேறு. பேரிங், சீல், கூலி எல்லாம் எப்படியும் ஆகும் செலவு. அப்போது 4.30 சோடிக்கும் அதைவிடச் சற்றுக் குறைந்த, உதாரணமாக 4.10 சோடிக்கும் விலை வித்தியாசம் என்ன என்று மட்டும் கேளுங்கள். லோடு வழியில் 60-ல் 4.10 உங்களுக்கு 1,280 சுற்றைக் கொடுக்கும். அந்தச் சுற்றில் உங்கள் மேடுகளை டாப் கியரில் ஏற முடியுமா என்பதை இப்போதே, 57-ல் ஓட்டிப் பார்த்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம்; 4.10-ல் இழுவை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.